ஜன்னல் இல்லாத அறைக்கு இரண்டு கதவு

அணுகுண்டு விழுந்தால் வீட்டில் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று ஒரு பெண் என்னிடம் கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். உதட்டோரச் சிரிப்பு இல்லை, நன்றாக வாய்விட்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் என்னுடைய பிடிவாதத்தைப் பற்றி நிறைய வரும். அந்தப் பிடிவாதம் அன்றைக்கு நான் பட்ட வெட்கத்தில்தான் பிறந்தது.

திருத்துறைப்பூண்டியில் ஒரு சிமென்ட் கடையின் மாடியில் என் ஆபீஸ். வீட்டுக்குப் பிளான் போடுவது, அப்ரூவல் வாங்கித் தருவது, கேட்டால் கூடவே நின்று கட்டி முடித்துக் கொடுப்பது என்று இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் வேலை செய்து என்னை டிப்ளமா படிக்க வைத்தவர்கள். அதனால் எனக்கு வாய் கொஞ்சம் அதிகம் என்று அம்மா சொல்வாள். என்னிடம் வருகிறவர்கள் கேட்கிற கேள்விகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். கார் உள்ளே நுழையுமா, பூஜை அறை எந்த மூலை, பக்கத்து வீட்டு எலிவேஷனைவிட நம்முடையது எடுப்பாக இருக்குமா. குண்டைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை.

எல்லையில் சண்டை மூண்டிருந்த வாரம் அது. டிவியில் எந்தச் சேனலைத் திருப்பினாலும் வரைபடத்தின் மேல் சிவப்பு வட்டம் போட்டு, இத்தனை தூரம் வரைக்கும் சாம்பல், இத்தனை தூரம் வரைக்கும் இடிபாடு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் கூத்தாநல்லூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். நாற்பது வயதுக்குள் இருக்கும். கறுப்புப் பர்தா, கையில் பிளாஸ்டிக் ஃபைல். அப்பாவை அத்தா என்றாள்; அவர் விட்டுப்போன மனையில் வீடு கட்ட வேண்டும். மூன்று படுக்கையறை, ஒரு ஹால் என்று எல்லாம் பேசி முடித்த பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"அணுகுண்டு நம்ம பக்கம் வரணும்னா திருவாரூர்ல எறங்கி பஸ் மாறணும்மா. அதுக்குள்ள விடிஞ்சிடும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ஃபோனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு மனிதர். நெற்றியிலிருந்து கன்னம் வரைக்கும் தையல் போட்ட தழும்புகள்.

"இவங்க என் வீட்டுக்காரங்க மேடம். ரெண்டு கண்ணும் தெரியாது" என்றாள்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, நடந்ததைச் சொல்லச் சொன்னேன்.

அவர் வெளிநாட்டில் ஒரு துறைமுக நகரத்தில் சரக்கு இறக்குகிற கம்பெனியில் மேற்பார்வை வேலை பார்த்தவர். ஒருநாள் மத்தியானம் துறைமுகத்தில் ஏதோ ஒரு கிடங்கு தீப்பிடித்துப் புகைந்திருக்கிறது. ஆபீஸ் மூன்றாவது மாடியில். இவர் ஜன்னல் பக்கம் போயிருக்கிறார். திடீரென்று ஒரு வெளிச்சம். ஒன்றிரண்டு மூச்சு விடுகிற நேரம் கழித்து ஜன்னல் அப்படியே உள்ளே வந்துவிட்டது. அதே மாடியில், உள்பக்க நடையில் நின்றவர்களுக்குச் சிராய்ப்புதான்.

"கட்டடம் அப்புடியேதான் நின்னுச்சு மேடம். ஒரு விரிசல் இல்ல. கண்ணாடி மட்டுந்தான்."

அது அணுகுண்டு இல்லை, கிடங்கில் கிடந்த ரசாயனம். ஆனால் அன்றிலிருந்து ஜன்னல் உள்ள அறையில் அவர் தூங்குவதில்லை. நான்கு வருஷமாக வாடகை வீட்டில், மாடிப்படிக்குக் கீழே மோட்டார் வைக்கிற சந்தில், சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியேதான் தூக்கம். டாக்டர் கொடுத்த மாத்திரையும் பலிக்கவில்லை. டிவியில் இந்த வட்டங்களைப் பற்றிக் கேட்டதிலிருந்து அந்தத் தூக்கமும் போய்விட்டது.

"அவங்க நீட்டிப் படுத்துத் தூங்குற மாதிரி ஒரு ரூம் போட்டுக் குடுங்க. அணுகுண்டு போட்டாலும் ஒன்னும் ஆகாதுன்னு இன்ஜினியர் நீங்க சொன்னா நம்புவாங்க."

"அப்படி ஒரு ரூம் ஒலகத்துல எங்கயும் கெடையாதும்மா. பொய் சொல்ல என்னால முடியாது. எது தாங்கும், எது தாங்காதுன்னு படிச்சுத் தெரிஞ்சுகிட்டு வந்து அவங்ககிட்டயே சொல்றேன். அந்த ரூமையும் போட்டுத் தர்றேன்."

அவள் போன பிறகு என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. இரண்டு கண்ணையும் கொடுத்துவிட்டு வந்தவரின் பெண்டாட்டி, பைத்தியக்காரி மாதிரியா பேசினாள்? நான் இதுவரை கட்டிய வீடுகளில் ஒன்றிலாவது இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறதா? இல்லை. அதுதான் என்னைக் குடைந்தது.

படித்தேன். மாதக்கணக்கில் விடாமல் படித்தேன். சமாச்சாரம் ஒன்றும் மந்திரம் இல்லை. குண்டு பக்கத்தில் விழுந்தால் பேச்சே இல்லை, வீடும் இல்லை, நாமும் இல்லை. ஆனால் டிவிக்காரர்கள் வட்டத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். வட்டத்துக்கு வெளியே இருப்பவர்கள்தான் அதிகம், அவர்கள் பிழைப்பதும் சாவதும் எந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது என்பதை ஒருவரும் சொல்லவில்லை. முதலில் வருவது வெளிச்சமும் சூடும். வெளிச்சம் நுழையாத எந்தச் சுவரும் அதைத் தடுத்துவிடும். காற்றின் அடி பிறகுதான் வரும், இடி இடிக்கும்போது மின்னல் முந்திக்கொள்கிற மாதிரி. எட்டத்தில் இருந்தால் நடுவில் சில நொடி கிடைக்கும். அந்தச் சில நொடியில்தான் மனிதர்கள் என்ன வெளிச்சம் என்று பார்க்க ஜன்னலுக்குப் போகிறார்கள். செங்கல் சுவர் அசையாமல் நிற்கிற தூரத்திலும் கண்ணாடி கத்தியாகிவிடும். அதற்கும் பிறகு, காற்று வாட்டத்தைப் பொறுத்து, தூசி வந்து கூரையிலும் தரையிலும் படியும். கண்ணுக்குத் தெரியாத அதன் கதிரைத் தடுப்பது எடை மட்டும்தான். நமக்கும் தூசிக்கும் நடுவில் எவ்வளவு எடை இருக்கிறதோ அவ்வளவு நல்லது. முதல் ஒன்றிரண்டு நாள்தான் அது மிக மோசம். அதுவரை உள்ளே கிடந்தால் பெரிய கண்டம் தாண்டிய மாதிரி.

தரைக்குக் கீழே அறை தோண்டு என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. எழுதியவர்கள் நம் பக்கத்து மண்ணில் ஒரு தடவை கடப்பாறை போட்டுப் பார்க்க வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற மாதத்தில் மூன்றடி தோண்டினால் குழி தானாக நிரம்பும். பத்தடியில் அறை கட்டினால் அதில் விரால் வளர்க்கலாம், மனிதர்கள் இருக்க முடியாது.

ஆகவே தரைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்க்கக் கிளம்பினேன். ஸ்கூட்டியில் டேப்பும் நோட்டும். யார் வீட்டுக்குப் போனாலும் சுவரைத் தட்டிப் பார்க்கிற வியாதி வந்துவிட்டது. நான் பிறந்த தெருவில் இன்னும் பாதி வீடு சிமென்ட் ஷீட். ஷீட் பறக்கும், மீதி நொறுங்கும், அது எந்தப் புத்தகமும் படிக்காமல் புயலிலேயே நாங்கள் கண்டது. அந்தக் காலத்துச் செங்கல் வீடுகளின் சுவர் நல்ல கனம். ஆனால் மேலே ஓடு, கதிருக்கு அது வெறும் சல்லடை. நான் கட்டிக்கொடுத்த புது வீடுகளின் தளம் உறுதி, ஆனால் கட்டில் போடுகிற அறையில்தான் இருப்பதிலேயே பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்திருந்தேன். சில வீட்டில் கட்டிலின் தலைமாட்டிலேயே. 

என்னைத் திகைக்க வைத்தது ஒரு நெல் கிடங்கு. கொள்முதல் நடந்துகொண்டிருந்தது, மூட்டைகளைக் கூரை உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். இரண்டு அடுக்குக்கு நடுவில் ஓர் ஆள் போகிற சந்து. அதற்குள் போய் நின்றேன். வெளியே லாரி நிற்காமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, உள்ளே அது பக்கத்து ஊரில் கேட்கிற மாதிரி இருந்தது. எடை என்றால் என்ன என்று அப்போதுதான் உடம்புக்குப் புரிந்தது. கிடங்குக்காரர் வந்து, "என்னாங்க தேடுறீங்க?" என்று கேட்டார். "ஒளிஞ்சுக்க எடம் பாக்குறேன்" என்றேன். அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

கூத்தாநல்லூர்க்காரி வீட்டிலும் வருஷத்துச் சாப்பாட்டு நெல்லை மூட்டையாக வாங்கி வைக்கிற வழக்கம் உண்டு. பிளான் அங்கேயே மனதில் விழுந்தது. வீட்டின் நடுவில் பத்துக்குப் பன்னிரண்டு அறை. நான்கு பக்கமும் வேறு அறைகள், வெளிச்சுவர் எதுவும் இதற்குச் சொந்தமில்லை. சுவர் ஒன்றரைக் கல் கனம், அதாவது ஓர் அடிக்கு மேல். ஜன்னல் கிடையாது. காற்றுக்கு, நேராகப் போகாமல் இரண்டு தடவை வளைந்து போகிற குழாய். மேலே கனமான தளம், அந்தத் தளத்தின் மேல் நெல் வைக்கிற அறை. தலைக்கு மேல் கான்கிரீட், அதற்கு மேல் ஒரு வருஷத்துச் சோறு.

கொத்தனார் பிளானைப் பார்த்துவிட்டுத் தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். அவர் என்னோடு பதினைந்து வருஷமாக வேலை செய்கிறவர்.

"இன்ஜினியரம்மா, நடுவீடு தொறப்பா இருக்கணும். இது என்னா, ஜெயிலா?"

"ஜெயில்ல ஜன்னல் இருக்கும். நீங்க கட்டுங்க."

"மூட்டைய மாடில ஏத்துனா யாரு தூக்குறது?"

"நீங்க தூக்க வேண்டாம். கட்டுங்க."

பார்வை போனவரின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வாரம் ஒரு தடவை ஃபோன் போடுவார். வீட்டு முகப்பு முழுக்கக் கண்ணாடி வேண்டும் என்பது அவர் ஆசை. தம்பிக்குச் செய்கிற வீடு ஊரே பார்க்கிற மாதிரி இருக்க வேண்டாமா என்பார். அவர் பாசத்தை நான் குறை சொல்ல முடியாது. ஆனால் கண்ணாடி குத்திக் கண் போனவருக்குக் கண்ணாடி வீடு கட்ட வேண்டும் என்கிறவரிடம் எப்படிப் பேசுவது? ஒற்றைக் காலில் நின்றேன். கடைசியில் ஒரு நாள், "உங்க தம்பி இந்த வீட்ட பாக்கப் போறதில்லங்க. இருக்கப் போறாரு" என்று சொன்னேன்.  "நீங்க சொல்ற மாதிரியே செய்ங்க" என்றார் அவர்.

இந்த வேகத்தில்தான் என் வாய் மறுபடியும் ஒரு தப்பைச் செய்தது.

எங்கள் பக்கத்தில் வயல் பக்கம் புகை எழுந்தால் ஒருவரும் வீட்டுக்குள் இருக்க மாட்டார்கள். வைக்கோல் போர் தீப்பிடித்தால், யாருடைய போர் என்று கேட்டுக்கொண்டே ஊரே ஓடும். குடத்தோடு ஓடும், சண்டைக்காரன் போராக இருந்தாலும் ஓடும். என் அப்பா ஒரு பண்ணையார் போரை அணைக்கப் போய் முழங்கை வரைக்கும் வெந்துகொண்டு வந்தவர். ஓடாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவனைப் பிறகு ஊரில் யாரும் மதிக்க மாட்டார்கள். குண்டு விஷயத்தில் இந்தப் பழக்கம் ஆளைக் கொன்றுவிடும் என்பது எனக்குப் புதிதாகப் பிடித்த பாடம். போகிற இடமெல்லாம் அதைச் சொன்னேன்.

நடு அறையின் சுவர் இடுப்பளவு வந்திருந்த நாளில் அந்தப் பெண் தன் வீட்டுக்காரரைக் கைப்பிடித்து அழைத்து வந்தாள். நெட்டையான ஆள், வெள்ளைக் கைலி, இஸ்திரி போட்ட சட்டை. சுவரைக் கையால் தடவி, விரலை விரித்துக் கனத்தை அளந்தார். நான் சொன்னபடி எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். பக்கத்தில் விழுந்தால் இந்த அறை உதவாது. எட்டத்தில் என்றால் கண்ணாடி வராது, கூரை விழாது, தூசிக்கும் உங்களுக்கும் நடுவில் செங்கல்லும் நெல்லும் இருக்கும்.

"போதும்ங்க. உள்ளத உள்ளபடி சொன்னீங்க" என்றார்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். கொத்தனார், வெளிச்சம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். நான் அவர் பக்கம் திரும்பி, "கீழ படுத்துடணும். ஜன்னலுக்குப் போகக் கூடாது. எரியிற எடத்த வேடிக்கை பாக்கப் போறதுதான் நம்மாளுங்களுக்கு வர்ற வினை" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று உறைத்தது. அவர் சுவரிலிருந்து கையை எடுத்துத் தூசியைத் தட்டிக்கொண்டு, "போலாமா?" என்று மனைவியிடம் கேட்டார். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வேண்டாத இடத்தில் மட்டும் நன்றாக வரும் வாய் அது.

குறுவை அறுவடை முடிகிற சமயத்தில் வீடு முடிந்தது. குடிபோன நாளில் பிரியாணி போட்டார்கள். நெல் மூட்டைகளை மாடிக்கு ஏற்றும்போது கொத்தனாரே இரண்டு மூட்டை தூக்கினார். நடு அறையில் புதுக் கட்டில், புது மெத்தை. எனக்கு ஒரே பெருமை. என் கை வேலையில் இவ்வளவு யோசித்துச் செய்தது வேறு எதுவும் இல்லை.

ஒரு வாரம் கழித்து அவள் ஃபோன் செய்தாள்.

"அக்கா, அவங்க அந்த ரூமுக்குள்ள போகவே மாட்டேங்குறாங்க." மேடம் அக்காவாகி இருந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. "இங்கயும் மாடிப்படிக்குக் கீழதான் உக்காந்திருக்காங்க. அண்ணன்கிட்ட சொல்லல. எதுக்கு இந்த வீடுன்னு எனக்கே தெரியலக்கா."

அவள் அழுதாள். எனக்குச் சுரீரென்றது. உண்மையைச் சொன்னால் முதலில் வந்தது இரக்கம் இல்லை, கோபம். இவ்வளவு சுவர் எழுப்பியும் இந்த ஆள் படிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாரா? ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரே போனேன்.

அவர் படிக்கட்டுக்குக் கீழே, வாசல் பக்கம் முகத்தை வைத்து உட்கார்ந்திருந்தார். நான் செருப்பைக் கழற்றும் முன்பே, "வாங்க இன்ஜினியர்" என்றார்.

"ரூம்ல என்ன கொறைன்னு சொல்லுங்க. இடிச்சாவது சரி பண்ணித் தர்றேன்" என்றேன், உட்காராமலே.

"கொறை இல்லங்க. ரொம்ப நல்லா இருக்கு. உள்ள ஒரு சத்தம் கேக்கல."

"அப்பறம் என்ன?"

அவர் அடுப்படிப் பக்கம் காதைத் திருப்பினார். அவள் டீ வைக்க அடுப்படிக்குப் போயிருந்தாள். அவள் பாத்திரத்தை எடுக்கிற சத்தம் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"அன்னிக்கு நீங்க வேடிக்கைன்னு சொன்னீங்க. நான் வேடிக்கை பாக்கலங்க."

நான் நின்றபடியே கேட்டுக்கொண்டிருக்க, அவர் தொடர்ந்தார்.

"கீழ ஒரு பையன் மூட்டை எறக்கிக்கிட்டிருந்தான். நம்ம பக்கத்து ஆளு, வந்து ரெண்டு மாசம்தான் ஆச்சு. புகைய பாத்துட்டு எல்லாரும் உள்ள வந்துட்டாங்க. அவன் மட்டும் வரல. யாருக்காவது ஒதவி வேணுமோன்னு பொகை பக்கமா நடந்துகிட்டிருந்தான். நம்மூர் பழக்கம். நான் ஜன்னல தொறந்து, உள்ள வாடான்னு கூப்பிட்டேன். காதுல விழுந்துச்சு, திரும்பிப் பாத்தான். அந்த வெளிச்சத்துல அவன் திரும்பினதுதான் நான் கடைசியா பாத்தது."

"அவர்?"

"வரல."

இதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால் அந்தப் பையனின் வீட்டைத் தேடிக்கொண்டு அவள் போய்விடுவாள், அங்கே போய் என்ன பேசுவது என்றார்.

"அந்த ரூமுக்குள்ள போயி கதவ சாத்தினா, வெளிய யாரோ நிக்கிற மாதிரியே இருக்குங்க. இங்க இருந்தா வாசல்ல யாரு வந்தாலும் தெரியும். உள்ள வாங்கன்னு சொல்ல முடியும்."

இத்தனை வருஷமாக அவர் படிக்குக் கீழே உட்கார்ந்தது தலைக்கு மேல் கான்கிரீட் இருக்கிறது என்பதற்காக என்று நான் நினைத்திருந்தேன். இன்ஜினியர் மூளைக்கு அவ்வளவுதான் எட்டும். தரையில் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். "தப்பா பேசிட்டேங்க. மன்னிச்சுக்குங்க" என்று அன்றைக்காவது வாய் வந்தது. அவர் அதைக் காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

"அந்த ரூம்ல எத்தன பேரு உக்காரலாம்?" என்று கேட்டார்.

"படுக்கணும்னா நாலு பேரு. நெருக்கி உக்காந்தா பதினஞ்சு."

"பக்கத்து சந்துல ஆறு வீடு இருக்கு. மூணு வீடு ஓடு, ஒன்னு ஷீட்டு. ரூமுக்கு சந்துப் பக்கமா ஒரு கதவு வைக்க முடியுமா? எங்க வீட்ட சுத்திக்கிட்டு வர வேண்டாம். கூப்பிட்டா நேரா உள்ள வந்துடணும்."

இருபத்தைந்து வருஷத்தில் அப்படி ஒரு கேள்வியும் என்னிடம் யாரும் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப் பார்க்காத மாதிரி கட்டுங்கள் என்பார்கள். உள்ளே வருகிற மாதிரி கட்டச் சொன்னவர் இவர் ஒருவர்தான்.

செய்வது லேசு இல்லை. நடு அறைக்கும் சந்துக்கும் நடுவில் ஒரு ஸ்டோர் ரூம் இருந்தது. அதைப் பலி கொடுக்க வேண்டும். ஒன்றரைக் கல் சுவரை உடைக்க வேண்டும். சந்திலிருந்து நேராகக் கதவு வைத்தால் காற்றின் அடி நேரே உள்ளே புகும், நான் பாடுபட்டதெல்லாம் வீண். இரண்டு நாள் பேப்பரில் கிறுக்கினேன். ஸ்டோர் ரூமை ஒரு நடையாக்கி, நடுவில் கனமான மறைப்புச் சுவர் எழுப்பி, உள்ளே வருகிறவர்கள் இரண்டு தடவை திரும்பி வருகிற மாதிரி செய்தேன். மனிதர்கள் திரும்புவார்கள், கண்ணாடிச் சில்லுக்கும் கதிருக்கும் திரும்பத் தெரியாது.

கொத்தனார் வந்து பார்த்தார். தான் கட்டிய சுவரில் நான் சாக்பீஸால் கோடு போட்டிருந்ததைப் பார்த்தார்.

"சிமென்ட்டு இன்னும் முழுசா எறுகல. அதுக்குள்ள ஒடைக்கச் சொல்றீங்க. உங்களுக்கு என்னாச்சு?"

காரணத்தைச் சொன்னேன். பையனைப் பற்றி இல்லை, அது அவர் என்னிடம் மட்டும் சொன்னது. சந்து வீடுகளைப் பற்றி மட்டும். கொத்தனார் சந்தில் இறங்கிப் போய் அந்த ஷீட் வீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து, உளியை எடுத்தார். மூன்று வாரத்தில் கதவு நின்றது. இந்த வேலைக்குக் கூலி என்று அவர் கேட்கவே இல்லை.

கதவு போட்ட ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு தடவை பழகிப் பார்க்கலாம் என்று வீட்டுக்காரர்தான் சொன்னார். சந்துக்காரர்களுக்கு முதலில் சிரிப்பு. நான் அன்று சிரித்த மாதிரியே. ஆனாலும் வந்தார்கள். அவர் மறைப்புச் சுவர் பக்கத்தில், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். தான் கூப்பிடுவேன் என்றும், உள்ளே வருகிற ஒவ்வொருவரும் நிலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வர வேண்டும் என்றும் சொன்னார். வெளியே நிற்பவர்கள், தன்னையும் சேர்த்து, பதிமூன்று பேர் என்று அவருடைய மனைவி எண்ணிச் சொன்னாள். அதில் கொத்தனாரும் நானும் உண்டு.

"எல்லாரும் உள்ள வாங்க" என்று கூப்பிட்டார். அந்த மனிதருக்குள் அவ்வளவு பெரிய குரல் இருந்தது எனக்கு அதுவரை தெரியாது.

சந்திலிருந்து ஆட்கள் நுழைந்தார்கள். தட்டு, தட்டு என்று கேட்டுக்கொண்டே இருந்தது. நான் கடைசியில் நின்றேன், கதவு சரியாகத் திறக்கிறதா, ஆட்கள் திருப்பத்தில் இடிபடுகிறார்களா என்று பார்க்க. அப்போது மேற்கே வயல் பக்கம் புகை எழுந்தது. யாரோ அறுத்த தாளைக் கொளுத்தியிருக்க வேண்டும். யாருடைய வயல் என்று பார்க்க இரண்டடி எடுத்து வைத்து, எக்கிப் பார்த்தேன். மாதக்கணக்கில் ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவள் நான்.

"பன்னண்டு" என்று உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. "ஒரு தட்டு கொறையுது. யாரு வெளிய நிக்கிறது?"

 திரும்பியபோது என் செருப்பு சந்து மண்ணில் உரசியது.

"இன்ஜினியர், உள்ள வாங்க."

ஓடினேன். விளையாட்டுக்குத்தான் என்று தெரிந்தும் ஓடினேன். நிலையில் என் தட்டு விழுந்ததும் அவர், "பதிமூனு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். 

உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்தோம். கட்டிலில் நான்கு பெண்கள், மற்றவர்கள் தரையில். ஷீட் வீட்டு அம்மா முறுக்கு டப்பாவோடு வந்திருந்தாள். அணுகுண்டு விழுந்தால் முறுக்கு வேண்டாமா என்றாள். எல்லாரும் சிரித்தோம், பேசினோம், இந்த வருஷம் சம்பாவுக்குத் தண்ணீர் எப்படி என்பதில் போய் நின்றது பேச்சு. கொத்தனார் வளைந்த குழாயில் காற்று வருகிறதா என்று கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரர் கதவுக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அவருடைய தலை சாய்ந்தது. பிறகு தோள். பிறகு அப்படியே சுவரோரமாகச் சரிந்து, காலை நீட்டிப் படுத்துவிட்டார். முதலில் அவருடைய மனைவிதான் பார்த்தாள். உதட்டில் விரலை வைத்து எங்கள் எல்லாரையும் பார்த்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கக்கூட இல்லை.

கடித்த முறுக்கை மெல்லாமல் கொத்தனார் வாயில் வைத்துக்கொண்டிருந்தார். தூங்கினவர் விழிக்கும் வரை பதிமூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.